நார்வேயின் வடகரைக் கப்பல் பயணம்: கரையிறங்கிப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரிலிருந்து புறப்பட்டு, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை சென்று, அதே கரையோரமாகத் திரும்பி வரும் கப்பல் பயணத்திற்குப் பன்னிரண்டு நாள் ஆகும். 1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் 'வெஸ்டரோலன்' என்னும் நீராவிக் கப்பலை டிரான்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குச் செலுத்தித் தொடங்கிவைத்த அஞ்சல், சரக்கு, பயணிகள் சேவையே இன்று ஹுர்ட்டிக்ரூட்டன், ஹவிலா என்ற இரு நிறுவனங்களின் கப்பல்களில் தொடர்கிறது. அடுத்த ஊருக்குப் போகும் உள்ளூர்க்காரரும், சரக்கும், ஊர் பார்க்க வந்த வெளிநாட்டவரும் ஒரே கப்பலில்தான் செல்கிறார்கள். ஆகையால் கப்பல் 34 துறைகளில் நின்றாலும், எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது சுற்றுலாப் பயணியின் வசதியைப் பொறுத்தது அன்று. சில துறைகளில் பின்னிரவில் வந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரக்கை இறக்கிவிட்டுப் புறப்பட்டுவிடும். சிலவற்றில் மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கும்.

இந்த நேரக் கணக்கை மனத்தில் கொள்ளாமல், பார்க்க வேண்டிய இடங்களின் நீண்ட பட்டியலோடு கப்பலேறுபவர்கள் எல்லா ஊரிலும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். நான் சொல்லும் முறை எளியது. ஒவ்வொரு துறையிலும் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே நிதானமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த ஓர் இடம் இந்தக் கரையின் வரலாற்றோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். நார்வேயின் வடகரை வரலாறு பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனது: உலர்ந்த மீன், தேவாலயம், நெருப்பு. இந்த மூன்றையும் பின்தொடர்ந்தால், தனித்தனியாகச் சாதாரணமாகத் தோன்றும் ஊர்கள்கூட ஒன்றை ஒன்று விளக்கத் தொடங்கும்.

கால அட்டவணையைப் படிக்கும் முறை

பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கப்பல் நிறுவனத்தின் கால அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்திற்கு மேல் நிற்கும் துறைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கு நோக்கிச் செல்லும்போது இரவில் கடக்கும் துறைகள், தெற்கு நோக்கித் திரும்பும்போது பெரும்பாலும் பகலில் வருமாறு இந்த அட்டவணை அமைந்திருக்கிறது. ஹம்மர்ஃபெஸ்ட், வார்டோ, ஸ்டொக்மார்க்னெஸ் ஆகிய ஊர்களைத் திரும்பும் வழியில்தான் சரியாகப் பார்க்க முடியும். கிர்கெனெஸ் வரை மட்டும் சென்று அங்கிருந்து விமானத்தில் திரும்பினால் பணமும் நாளும் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் திரும்பும் வழியை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வழி மட்டுமே செல்ல இயலும் என்றால், கிர்கெனெஸுக்கு விமானத்தில் சென்று தெற்கு நோக்கி வருவதையும் எண்ணிப் பார்க்கலாம்.

நிற்கும் நேரம் முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லை. கப்பல் கட்டப்பட்டு, கேங்வே என்னும் இறங்கு பாலம் திறக்கச் சில நிமிடம் ஆகும். புறப்படுவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்னதாகவே அனைவரும் ஏறியிருக்க வேண்டும். அந்த நேரத்தை இறங்கும் வாயிலருகே எழுதி வைத்திருப்பார்கள். தாமதமாக வந்த நாளில் அது அட்டவணையிலிருந்து மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு இறங்குங்கள். அறைச் சாவியாக உள்ள அட்டையை வாயிலில் காட்டிப் பதிந்த பிறகே இறங்கவும் ஏறவும் வேண்டும். மூன்று மணி நேரம் நிற்கும் துறையில் இரண்டேகால் மணி நேரமே உங்களுடையது என்று வைத்துக்கொண்டு, அதைப் போக, பார்க்க, வர என்று பிரித்துத் திட்டமிட்டால் நெருக்கடி வராது.

அடுத்த கேள்வி, தனியாகப் போவதா, கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் சேர்வதா என்பது. நிறுவனத்தின் பேருந்து தாமதித்தால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். தனியாகப் போய்த் தாமதித்தவருக்காகக் காத்திருக்காது. தினம் ஒரு கப்பல் ஒவ்வொரு திசையிலும் செல்வதால், தவறவிட்டவர் அடுத்த துறைக்குச் சாலை வழியே விரைய வேண்டும், அல்லது மறுநாள் கப்பலுக்காகக் காத்திருந்து புதிதாக இடம் கேட்க வேண்டும். துறையிலிருந்து நடந்து போகக்கூடிய இடங்களுக்குத் தனியாகச் செல்லலாம். பேருந்தில் முக்கால் மணி நேரத்திற்கு மேல் செல்ல வேண்டிய இடங்களுக்கு நிறுவனத்தின் ஏற்பாடே பாதுகாப்பானது. அவற்றிலும், ஒரு துறையில் இறங்கி, நிலத்தின் வழியே சென்று, அடுத்த துறையில் கப்பலைப் பிடிக்கும் பயணங்கள் கொடுத்த பணத்திற்குத் தகுதியானவை. கோடையில் கெய்ராங்கரில் இறங்கி மலைப்பாதை வழியே மோல்டே வந்து ஏறுவது ஒன்று. திரும்பும் வழியில் ஹார்ஸ்டாடில் இறங்கி, ட்ரொண்டெனெஸில் உள்ள இடைக்காலக் கற்கோயிலைப் பார்த்துவிட்டு, சோர்ட்லாந்தில் ஏறுவது மற்றொன்று. சோர்ட்லாந்துப் பாலத்தின் மேல் பேருந்தும், கீழே கப்பலும் ஒரே நேரத்தில் கடந்தால், இரு புறத்தாரும் கையசைத்துக்கொள்வது வழக்கம்.

ஓலெசுண்டும் டிரான்ஹைமும்

முதல் பெரிய ஊரான ஓலெசுண்டில் நிற்கும் நேரம் பருவத்திற்கேற்ப மாறும். 1904 ஜனவரி 23 அன்று பற்றிய தீயில் மரத்தாலான இந்த ஊரின் மையப்பகுதி முழுவதும் எரிந்து, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள். இறந்தவர் ஒருவரே என்பது வியப்பிற்குரியது. அடுத்த சில ஆண்டுகளில், அக்காலத்தில் ஐரோப்பாவில் புதிதாக இருந்த யூகென்ட்ஸ்டில் பாணியில், கல்லாலும் செங்கல்லாலும் ஊரை எழுப்பினார்கள். ஒரே காலத்தில், ஒரே பாணியில், இளம் கட்டடக் கலைஞர்கள் பலர் கூடிக் கட்டிய ஊர் என்பதால், கோபுர முனைகளும் மலர் வேலைப்பாடும் முகச் சிற்பங்களும் தெருவுக்குத் தெரு தொடர்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் பழைய 'அன்னம்' மருந்துக்கடையில் அமைந்துள்ள யூகென்ட்ஸ்டில் அருங்காட்சியகத்தின் வெளிப்புறத்தையும் கால்வாய்க் கரையையும் பார்த்தால் போதும். கால் வலிமை உள்ளவர்கள் 418 படிகள் ஏறி அக்ஸ்லா குன்றிலிருந்து ஊரைப் பார்க்கலாம். ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

டிரான்ஹைமில் வடக்கு நோக்கிய பயணத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கிடைக்கும். இங்கே தேர்வு செய்வதில் குழப்பமே வேண்டாம்: நிதரோஸ் பேராலயம். 1030-இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்த அரசர் ஓலாவ் பிறகு புனிதராக வணங்கப்பட்டார். அவருடைய கல்லறை இருந்த இடத்தில் 1070 அளவில் தொடங்கிய கட்டுமானம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நீண்டது. வடஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து யாத்திரிகர்கள் நடந்தும் கப்பலிலும் இங்கே வந்தார்கள். 1537-இல் புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தம் வந்தபோது புனிதரின் வெள்ளிப் பேழை கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோகப்பட்டு உருக்கப்பட்டது. ஆலயம் பலமுறை தீப்பற்றி, பாதி இடிந்த நிலையில் கிடந்தது. 1869-இல் தொடங்கிய புதுப்பித்தல் பணி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நடந்தது.

துறையிலிருந்து ஆலயம் சுமார் இரண்டு கிலோமீட்டர். அரை மணி நேர நடை. உள்ளே சென்றதும் நேராகக் கிழக்குக் கோடிக்கு நடந்து, புனிதரின் கல்லறை இருந்த இடத்தின் மேல் எழுப்பப்பட்ட எண்கோண அமைப்பிலிருந்து பார்வையைத் தொடங்குங்கள். அதுதான் இந்தக் கட்டடத்தின் காரணமும் கருவறையும். அங்கிருந்து மேற்கு நோக்கி நடந்து வரும்போது கட்டடத்தின் காலவரிசை உங்களுக்கே புலப்படும். சோப்புக்கல் என்னும் மாக்கல்லில் செதுக்கிய இலைகளும் மனித முகங்களும் எவ்வளவு மென்மையாக வந்திருக்கின்றன என்பதை, சிற்பக் கோயில்களைப் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்கள் உடனே இனங்காணும். மேற்கு முகப்பில் வரிசையாக நிற்கும் சிலைகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை; அவற்றை இடைக்காலத்தவை என்று எண்ணிப் படமெடுப்போர் பலர். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நேரத்தில் பார்வையாளரை அனுமதிப்பதில்லை என்பதால், உங்கள் கப்பல் அந்த நாளில் வருமானால் திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். திரும்பும்போது நீடெல்வா ஆற்றின் மேலுள்ள சிவப்பு வாயில்களுடைய பழைய மரப்பாலத்தின் வழியே வாருங்கள். ஆற்றுக்குள் தூண் ஊன்றி நிற்கும் வண்ணக் கிடங்குகள் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

மீன் வந்த வழி

ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்த பிறகு நிற்கும் போடோவில் இரண்டரை மணி நேரம் இருந்தாலும், 1940 மே 27 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி ஊரின் பெரும்பகுதியை அழித்துவிட்டதால், பழைய தெரு என்று நடந்து பார்க்க அதிகம் இல்லை. உலகின் மிக வலிமையான கடல்நீரோட்டங்களுள் ஒன்றான சால்ட்ஸ்ட்ரௌமனுக்கு நிறுவனப் பேருந்தில் போகலாம். நீரோட்டம் வலுப்பெறும் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால், கப்பல் நிற்கும் நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டே பணம் செலுத்துங்கள்.

அன்று மாலையே கப்பல் வெஸ்ட்ஃபியோர்டு என்னும் கடற்பகுதியைக் கடந்து லொஃபோட்டன் தீவுகளை அடைகிறது. வடகரையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஊரில்தான் இறங்க முடியும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் இந்தத் தீவுகளில்தான் இறங்குவேன். நார்வேக்கு வடக்கேயுள்ள பேரன்ட்ஸ் கடலில் வாழும் காட் மீன்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை, முட்டையிடுவதற்காக இங்கே கூட்டமாக வருகின்றன. பிடித்த மீனைத் தலை நீக்கி, குடல் எடுத்து, வாலோடு வால் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பு ஒரு துளியும் சேர்ப்பதில்லை. பிப்ரவரி முதல் மே வரை இங்கே வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருப்பதால், மீன் அழுகுவதும் இல்லை, கல்லாக உறைந்து சிதைவதும் இல்லை, ஈயும் மொய்ப்பதில்லை, கடற்காற்று மட்டும் அதன் நீரை உறிஞ்சிவிடுகிறது. இப்படி உப்பில்லாமலே ஆன கருவாடு ஆண்டுக்கணக்கில் கெடாது. கெடாத உணவு என்றால் தொலைதூர வணிகம் என்று பொருள். அந்த வணிகம் இல்லையென்றால் இந்தக் கரையில் துறைமுகங்களும் பேராலயமும் பெர்கன் நகரின் செல்வமும் இவ்வளவு வளர்ந்திருக்க மாட்டா.

1432-இல் புயலில் சிக்கிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியும் அவருடைய மாலுமிகளும் லொஃபோட்டனின் தென்கோடியிலுள்ள ரொஸ்ட் தீவில் கரையொதுங்கி, மீனவர் வீடுகளில் சில மாதங்கள் தங்கியிருந்தார்கள். இந்த மீனைப் பற்றிய செய்தியை அவர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். இன்றும் லொஃபோட்டன் கருவாட்டின் முதன்மையான சந்தை இத்தாலி. காய்ந்த மீன்தலைகளோ நைஜீரியாவுக்குப் போய் அங்கே குழம்பாகின்றன.

கப்பல் நிற்கும் ஸ்வோல்வரில் வடக்கு நோக்கிய பயணத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமும், திரும்பும்போது அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் கிடைக்கும். இரண்டும் மாலை அல்லது இரவு நேரம் என்பதால், கோடையில் ஒளி இருக்கும், குளிர்காலத்தில் இருட்டில்தான் நடக்க வேண்டும். துறையிலிருந்து பாலம் தாண்டி ஸ்வினோயா தீவுப் பக்கம் நடந்தால் மீன் உலர்த்தும் சட்டங்களையும், 'ரோர்பு' என்னும் சிவப்பு நிற மீனவர் குடில்களையும் பார்க்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசர் ஓய்ஸ்டெய்ன், அருகிலுள்ள கபெல்வோகில் பருவ மீனவர்கள் தங்குவதற்குக் குடில்கள் கட்டிக் கொடுத்தார். சட்டங்களில் மீன் நிறைந்திருப்பதைப் பார்க்க விரும்புவோர் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பயணம் வைத்துக்கொள்ள வேண்டும்; ஜூன் பாதிக்குப் பிறகு வெறும் மரச் சட்டங்கள்தான் நிற்கும். அவை ஒருவருடைய தொழிலிடம். மீனைத் தொடுவதும், சட்டங்களில் ஏறிப் படமெடுப்பதும் கூடாது.

டிரோம்சோவில் நான்கு மணி நேரம்

டிரோம்சோவில் பிற்பகலில் நான்கு மணி நேரம் நிற்பதால், இங்கேதான் ஆசை அதிகமாகி எல்லாவற்றையும் பார்க்க மனம் அலையும். ஆர்க்டிக் பேராலயம், கேபிள் கார், துருவ அருங்காட்சியகம் மூன்றையும் ஒரே பிற்பகலில் முடிக்க முயல வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று நீளமான பாலத்தைக் கடந்து, ஸ்டோர்ஸ்டைனன் மலைக்குக் கேபிள் காரில் ஏறுங்கள். வரிசை நீளமாக இருந்தால் ஏறும் முன்பே இறங்கும் நேரத்தையும் கணக்கிடுங்கள். அதே மலைக்கு நேபாளத்து ஷெர்பாக்கள் கட்டிய 1,200 படிகள் கொண்ட கல்வழியும் உண்டு. இமயமலைக்காரர்களின் கைத்திறனை ஆர்க்டிக்கில் பார்ப்பது மனத்திற்கு நிறைவளிக்கும், ஆனால் பனிக்காலத்தில் அந்தப் படிகள் ஆபத்தானவை.

மேகம் மூடியிருந்தால் கப்பல் துறைக்கு அருகிலேயே, பழைய மரக் கிடங்கில் உள்ள துருவ அருங்காட்சியகத்திற்குச் செல்லுங்கள். வரலாறு தேடி வருபவருக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். கடல்நாய் வேட்டையும் பனிக்கரடி வேட்டையும் நடத்தி வாழ்ந்தவர்களின் கருவிகள், ஸ்வால்பார்ட் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்த வேட்டைக்காரர்களின் குடில், துருவப் பயணிகளான நான்சன், அமுண்ட்சன் ஆகியோரின் பயணங்கள் என்று, இந்த ஊர் ஆர்க்டிக்கின் வாசலாக இருந்ததற்கான சான்றுகள் அங்கே உள்ளன. தென்துருவத்தை முதலில் அடைந்த ருவால் அமுண்ட்சன், 1928 ஜூன் 18 அன்று, காணாமற்போன இத்தாலிய வான்கப்பல் குழுவைத் தேடி இந்த ஊரிலிருந்துதான் விமானத்தில் புறப்பட்டார், திரும்பி வரவில்லை. அவருடைய சிலை துறைமுகத்தின் அருகே கடலைப் பார்த்து நிற்கிறது.

1965-இல் கட்டப்பட்ட ஆர்க்டிக் பேராலயத்தைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளலாம். தெற்கு நோக்கி வரும்போது கப்பல் இங்கே நள்ளிரவை ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில் ஆலயத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குக் கப்பலிலிருந்தே அழைத்துச் செல்கிறார்கள். கோடையில் நள்ளிரவுச் சூரியன் வெளியே இருக்க, உள்ளே நார்வே நாட்டுப் பாடல்களைக் கேட்பது இந்தப் பயணத்தின் மிக நல்ல ஒரு மணி நேரம்.

எரிக்கப்பட்ட கரை

டிரோம்சோவைத் தாண்டியதும் வருவது நார்வேயின் வடகோடிப் பகுதியான ஃபின்மார்க். இங்குள்ள ஊர்களில் இறங்கும் பலரும், சதுர சதுரமான எளிய மர வீடுகளையும் நேர்கோட்டுத் தெருக்களையும் பார்த்து ஏமாற்றம் அடைகிறார்கள். அந்த எளிமைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அறிந்துகொண்டே இறங்க வேண்டும். 1944 இலையுதிர் காலத்தில், சோவியத் படைகள் முன்னேறி வந்தபோது பின்வாங்கிய ஜெர்மானியப் படை, வருபவர்களுக்குத் தங்க இடமோ உணவோ மிஞ்சக் கூடாது என்று ஃபின்மார்க்கின் பெரும்பகுதியையும், அதை ஒட்டிய டிரோம்ஸ் மாவட்டத்தின் வடபகுதியில் சில இடங்களையும் எரித்தது. வீடு, பள்ளி, மருத்துவமனை, ஆலயம், மீன் ஆலை, படகுத் துறை, தந்திக் கம்பம் என ஏறத்தாழ எதுவும் தப்பவில்லை. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். மறுத்தவர்கள் குகைகளிலும் புல்கூரைக் குடிசைகளிலும் ஆர்க்டிக் குளிர்காலத்தை ஒளிந்து கழித்தார்கள். போர் முடிந்ததும் மக்கள் அரசின் அனுமதிக்காகக் காத்திராமல் திரும்பி வந்தார்கள். அவர்களுக்காக விரைவாகக் கட்டப்பட்டவைதான் அந்தச் சதுர வீடுகள்.

இந்தக் கதையை முழுமையாகச் சொல்லும் இடம் ஹம்மர்ஃபெஸ்டில் உள்ள மறுகட்டுமான அருங்காட்சியகம். துறையிலிருந்து சில நிமிட நடை. திரும்பும் வழியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிடைப்பதால் நிதானமாகப் பார்க்கலாம். இந்த ஊரில் எரியாமல் மிஞ்சியது இடுகாட்டுச் சிற்றாலயம் மட்டுமே. நடக்க விரும்புவோர் விரிகுடாவைச் சுற்றி ஃபுக்லெனெஸ் முனை வரை சென்று, 1854-இல் நாட்டிய தீர்க்கக்கோட்டுத் தூணையும் காணலாம். பூமியின் வடிவத்தைத் துல்லியமாகக் கணக்கிட, கருங்கடல் அருகிலிருந்து இங்கே வரை 2,820 கிலோமீட்டர் அளந்த ஸ்ட்ரூவ் அளவைக் கோட்டின் வடக்கு முனை இது. 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அளவைக்கான முதல் நேர்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் நில அளவையும் இதே கேள்விக்கு விடை தேடியது என்பதால், நம்மவர்கள் இந்தத் தூணின் முன் சற்று நேரம் நிற்கலாம்.

ஹொன்னிங்ஸ்வோகில் மூன்றரை மணி நேரம் நிற்கும்போது ஏறத்தாழ எல்லாப் பயணிகளும் பேருந்தேறி, 34 கிலோமீட்டர் தொலைவிலுள்ள 'நார்த் கேப்' என்னும் வடமுனைக் கடற்பாறைக்குச் செல்கிறார்கள். கடலிலிருந்து 307 மீட்டர் உயரத்தில், 71 பாகை 10 கலை அட்சரேகையில் நிற்கும் இந்தப் பாறைக்கு வழிகாட்டி இல்லாமல் தனியாகச் செல்வது சரிப்படாது. குளிர்காலத்தில் கடைசி 13 கிலோமீட்டரைப் பனி அகற்றும் வண்டியின் பின்னால், குறித்த நேரங்களில் அணிவகுத்துத்தான் கடக்க முடியும். 1553-இல் சீனாவுக்கு வடகிழக்கு வழி தேடி வந்த ரிச்சர்ட் சான்சலர் இதற்குப் பெயரிட்டார். 1907-இல் சயாம் அரசர் சுலாலங்கோர்ன் வந்து தம் பெயரெழுத்துகளைப் பாறையில் பொறித்தார். சூரியன் மறையாதிருப்பது மே 14 முதல் ஜூலை 29 வரை. மூடுபனி அடர்ந்த நாளில் அங்கே போனால் வெண்மையைத் தவிர எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் ஊரிலேயே தங்கி, 1885-இல் கட்டப்பட்ட வெள்ளை மர ஆலயத்திற்குச் செல்லுங்கள். 1944-இல் ஊர் முழுவதும் எரிந்தபோது எரியாமல் நின்ற ஒரே கட்டடம் அது; திரும்பி வந்தவர்கள் முதலில் தங்கியதும் அதற்குள்தான்.

1980-களில் இலங்கைத் தமிழர்கள் பலர் இந்த ஃபின்மார்க் கரையின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்கு வந்தார்கள். பின்னர் பெரும்பாலோர் ஓஸ்லோ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தாலும், இந்தத் துறைகளில் இறங்கும் தமிழர் அதை நினைவில் வைத்துக்கொண்டு மீன் ஆலைகளைப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கிர்கெனெஸில் மூன்றரை மணி நேரம். இரும்புத் தாதுச் சுரங்கமும் துறைமுகமும் இருந்ததால் முந்நூறுக்கும் மேற்பட்ட விமானத் தாக்குதல்களைத் தாங்கிய ஊர் இது. ஊரின் நடுவே மக்கள் ஒளிந்திருந்த ஆண்டெர்ஸ் குகையைக் காண முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லைப்புற அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். துறை ஊருக்குச் சற்று வெளியே இருப்பதால் பேருந்து நேரத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம். ரஷ்ய எல்லைவரை செல்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: எல்லைக் கற்களைத் தாண்டிக் கை நீட்டுவதும், கல்லெறிவதும், எதிர்ப்புறத்தில் இருப்பவர்களோடு பேச முயல்வதும் சட்டப்படி குற்றம்.

திரும்பும் வழியில் முதல் மாலை வரும் வார்டோவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதை வீணாக்கக் கூடாது. துறையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் 1738-இல் கட்டி முடித்த எண்முனை நட்சத்திர வடிவக் கோட்டை வரும். வேகமாக நடக்கக்கூடியவர்கள் அதைத் தாண்டிக் கடற்கரையிலுள்ள ஸ்டெய்ல்னெஸ் நினைவிடத்திற்குப் போகலாம். பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டிக் கொன்ற 91 பேரின், அதாவது 77 பெண்கள், 14 ஆண்களின் நினைவாக, கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரும் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும் அமைத்து, 2011-இல் திறக்கப்பட்ட இடம் அது. நீண்ட இருண்ட நடையில், ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சன்னலும் ஒரு விளக்கும், வழக்கு ஏடுகளிலிருந்து எடுத்த குறிப்பும் இருக்கின்றன. கோட்டை, நினைவிடம் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும் என்றால், நினைவிடத்தையே தேர்ந்தெடுங்கள்.

உடை, பணம், உணவு, அனுமதி

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கன் நாடுதான். சின்னக் கடைகளிலும் வங்கி அட்டையே செல்லும். ரொக்கம் ஏறக்குறையத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் மருந்து போன்றவற்றை முன்பே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். சைவ உணவு வேண்டுவோர் பயணச்சீட்டு எடுக்கும்போதே அதைப் பதிவு செய்ய வேண்டும்; சிறிய துறைகளில் இறங்கிச் சைவ உணவகம் தேடுவது வீண் முயற்சி.

கோடையிலும் வடகரையில் பத்து, பன்னிரண்டு பாகை செல்சியஸ்தான் இருக்கும், காற்று அதை மேலும் குளிராக்கும். ஒரே கனமான கோட்டை நம்புவதைவிட, கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு சூடான உடை, மேலே காற்றும் மழையும் புகாத மேலுடை என்று அடுக்கி அணிவதே சரி. அருங்காட்சியகங்கள் உள்ளே நன்கு சூடாக இருக்கும் என்பதால் கழற்றி மாட்ட எளிதாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை செல்பவர்கள் காலணியின் அடியில் மாட்டும் முள் பட்டையை வாங்கிக்கொள்ளாமல் கரையிறங்கக் கூடாது. நடைபாதைப் பனி மேல் வழுக்கி விழுந்தால் பயணமே அதோடு முடிந்துவிடும். பேரன்ட்ஸ் கடலோரம், லொப்ஹாவெட், ஃபோல்டா, ஸ்டாட் முனை போன்ற திறந்த கடற்பகுதிகளில் கப்பல் ஆடும். குமட்டல் உள்ளவர்கள் அந்த இடங்கள் வரும் முன்பே மருந்து எடுத்துக்கொண்டால்தான் அடுத்த துறையில் நடக்கத் தெம்பு இருக்கும்.

ஸ்டொக்மார்க்னெஸும் பெர்கனும்

திரும்பும் வழியில் ஸ்டொக்மார்க்னெஸில் கிடைக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைக் கரையோரக் கப்பல் அருங்காட்சியகத்திற்கே கொடுங்கள். துறையின் பக்கத்திலேயே, 1956-இல் கட்டிய 'ஃபின்மார்க்கன்' என்னும் பழைய கப்பல் முழுவதையும் கண்ணாடிக் கட்டடத்திற்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் மேல்தளத்திலும், சாப்பாட்டுக் கூடத்திலும், பயணிகள் அறைகளிலும் நடந்து பார்த்தால், சாலையே இல்லாத ஊர்களுக்குக் கடிதமும் மருந்தும் பிள்ளைகளும் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது விளங்கும்.

பெர்கனைப் பயணத்தின் முன்னால் பார்ப்பதா, பின்னால் பார்ப்பதா என்றால், பின்னால் என்றே சொல்வேன். கப்பல் பன்னிரண்டாம் நாள் பிற்பகலில் வந்து சேரும். அன்றிரவும் மறுநாளும் அங்கே தங்குமாறு விமானச்சீட்டை அமைத்துக்கொள்ளுங்கள். லொஃபோட்டனில் சட்டங்களில் கண்ட அதே மீனைப் படகுகள் நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து இறக்கிய இடம் இங்குள்ள பிரிகென் துறைவரிசை. 1360 அளவில் ஹான்சா என்னும் வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே தங்கள் அலுவலகத்தை நிறுவி, பால்டிக் பகுதித் தானியத்தைக் கொடுத்து மீனை வாங்கினார்கள். தானியம் விளையாத வடக்கு மக்கள் அந்தத் தானியத்திற்காகவே மீன் பிடித்தார்கள். இன்று நிற்கும் கூம்புக் கூரை மர வீடுகள் 1702 தீக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே கட்டப்பட்டவை. 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

முன்வரிசைக் கடைகளோடு நின்றுவிடாமல், வீடுகளுக்கு இடையேயுள்ள குறுகிய மரச் சந்துகளுக்குள் நுழையுங்கள். சாய்ந்த படிகளும், சரக்கேற்றும் பலகைக் கதவுகளும் அங்கேதான் உள்ளன. பின்னர் புனித மரியாள் ஆலயத்தின் அருகே உள்ள ஷொட்ஸ்டுவெனே கூடங்களுக்குச் செல்லுங்கள். தீக்கு அஞ்சித் துறை வீடுகளில் அடுப்பெரிக்கவும் விளக்கேற்றவும் தடை இருந்ததால், திருமணம் செய்துகொள்ள அனுமதியற்ற அந்த வணிகர்களும் பயிற்சிச் சிறுவர்களும் குளிர்காலத்தில் சமைத்து உண்டதும், கூடியதும், பாடம் படித்ததும் இந்தக் கூடங்களில்தான். இரண்டையும் பார்க்க மூன்று மணி நேரம் போதும். ஃபுளோயன் குன்றுக்குச் செல்லும் கம்பி இழுவை ரயில் நிலையம் அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ளது. பெர்கனில் பெரும்பாலான நாட்கள் மழை என்பதால், மேகம் விலகும் நேரத்தைப் பார்த்து ஏறிக்கொள்ளுங்கள்.